பழைய வீட்டுக் கம்ப்யூட்டர் ஏன் மெதுவாகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2012-லிருந்து 2017-க்குள் வாங்கி, இன்னும் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்களை மனதில் வைத்து எழுதிய பக்கம் இது. பெரும்பாலும் கோர் ஐ3 அல்லது பென்டியம் ப்ராசஸர், 4 ஜி.பி. ரேம் (டாஸ்க் மேனேஜரில் ‘மெமரி’ என்று வருவது இதுதான்), 500 ஜி.பி. அல்லது 1 டி.பி. ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் செய்துவிட்டுக் காபி குடித்து வந்தாலும் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கும். இவற்றில் பலவற்றைத் தூக்கிப்போட வேண்டிய அவசியமே இல்லை. எது தடுக்கிறது என்று கண்டுபிடிக்கும்வரை ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். கண்டுபிடிக்கத் தேவையான கருவிகளில் முக்கால்வாசி விண்டோஸிலேயே இருக்கின்றன.

கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது, ப்ராசஸர் தேய்ந்துவிட்டது என்கிறார்களே?

ப்ராசஸர் அப்படித் தேய்ந்து வேகம் குறைவதில்லை. 2013-ல் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடிய ப்ராசஸர், சூடு கட்டுக்குள் இருந்தால் இன்றும் அதே 2.4-ல்தான் ஓடும். உண்மையில் தேய்கிறவை ஹார்ட் டிஸ்க், ஃபேன், லேப்டாப் பேட்டரி, ப்ராசஸருக்கும் அதன் மேலிருந்து சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்குக்கும் நடுவே தடவிய தெர்மல் பேஸ்ட். இன்னொரு பக்கம் மென்பொருள் பெருத்துவிட்டது; 2013-ல் ஒரு செய்தித்தளம் கேட்ட மெமரி வேறு, இன்று கேட்பது வேறு.

2018 ஜனவரியில் வெளியே தெரிந்த மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற ப்ராசஸர் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க வந்த அப்டேட்கள் பழைய இன்டெல் ப்ராசஸர்களில் கொஞ்சம் வேகத்தை எடுத்துக்கொண்டது உண்மைதான். மைக்ரோசாஃப்டே அதை ஒப்புக்கொண்டது. ஆனால் ஸ்டார்ட் மெனு திறக்க அரை நிமிடம் ஆவதற்கு அது காரணம் இல்லை.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். சின்னப் பெட்டியாக வந்தால் கீழே உள்ள ‘மோர் டீடெய்ல்ஸ்’ என்பதைத் தட்டுங்கள். சி.பி.யூ., மெமரி, டிஸ்க், நெட்வொர்க் என்று நான்கு பத்திகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சதவீதம். பத்தியின் தலைப்பைத் தட்டினால் அதிகம் இழுக்கிற புரோகிராம் மேலே வந்து நிற்கும்.

எப்போது பார்க்கிறோம் என்பதும் முக்கியம். எல்லாம் அடங்கிய பிறகு திறந்து பார்த்துவிட்டு ‘ஒன்றும் இல்லையே’ என்று மூடிவிடுகிறவர்கள் நிறைய. ஆன் செய்தவுடன் ஒரு முறை, ஒன்றும் செய்யாமல் கால் மணி நேரம் விட்டு ஒரு முறை, எந்த வேலையில் இழுக்கிறதோ அந்த வேலையின் நடுவில் ஒரு முறை என்று பாருங்கள். மூன்று நேரத்து எண்களையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், அல்லது போனில் படம் எடுத்துவையுங்கள்.

டிஸ்க் 100 சதவீதம் என்று சிவந்து நிற்கிறது. ஆனால் வேகம் 1 எம்.பி.தான் காட்டுகிறது. இது எப்படி?

பழைய கம்ப்யூட்டர்களில் அதிகம் பார்க்கிற காட்சி இதுதான். அந்த 100 சதவீதம், எவ்வளவு தகவல் போகிறது என்பதைக் காட்டுவதில்லை. டிஸ்க் சும்மா இல்லாமல் எவ்வளவு நேரம் வேலையில் இருந்தது என்பதைக் காட்டுகிறது.

லேப்டாப் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட். வேண்டிய தகவல் தட்டின் எந்த இடத்தில் இருக்கிறதோ அங்கே ஹெட் என்ற படிக்கும் முனை நகர வேண்டும், பிறகு அந்த இடம் ஹெட்டுக்கு அடியில் சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். இப்படி இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளைப் படிக்கச் சொன்னால், ஒரு செகண்டுக்கு 70 முதல் 100 துண்டுகள்தான் அதனால் முடியும். ஒரு துண்டு 4 கே.பி. என்றால் மொத்தமே 400 கே.பி. ஒரே டிஸ்க், ஒரு முழுப் படத்தை வரிசையாகக் காப்பி செய்யும்போது 80, 100 எம்.பி. வேகம் காட்டும், விண்டோஸ் தொடங்கும்போது 1 எம்.பி.க்கே மூச்சு வாங்கும். விண்டோஸ் தொடங்குவது, பிரவுசர் திறப்பது, வைரஸ் ஸ்கேன் எல்லாமே சின்னத் துண்டு வேலைகள். அவை ஒரே நேரத்தில் வரிசையில் நின்றால் நீங்கள் மவுஸைத் தட்டியது வரிசையின் கடைசியில் போய் நிற்கும்.

டாஸ்க் மேனேஜரின் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தில் டிஸ்க்கைத் தட்டினால் ‘ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்’ என்று ஒன்று இருக்கும். நல்ல ஹார்ட் டிஸ்க் 10, 20 மில்லிசெகண்டில் பதில் தரும். வேலை அதிகமானால் 100-ஐத் தாண்டும். கம்ப்யூட்டர் ஏறக்குறைய சும்மா இருக்கும்போதே 1,000, 3,000 என்று காட்டினால் டிஸ்க்கின் உடல்நிலையையே சந்தேகிக்க வேண்டும். அதைக் கீழே சொல்கிறேன்.

அப்படியானால் டிஸ்க்தான் குற்றவாளி என்று முடிவு செய்துவிடலாமா?

இல்லை, அவசரம் வேண்டாம். ரேம் போதாத கம்ப்யூட்டரிலும் டிஸ்க்தான் 100 காட்டும். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

ரேம் நிரம்பியதும் விண்டோஸ் கொஞ்சம் தகவலை எடுத்து ஹார்ட் டிஸ்க்கில் பேஜ் ஃபைல் என்ற இடத்தில் வைக்கும். தேவைப்படும்போது திரும்ப எடுத்து வரும். ரேமுக்கு முன்னால் ஹார்ட் டிஸ்க் எத்தனையோ மடங்கு மெதுவானது, ஆகவே இந்தப் போக்குவரத்து தொடங்கியதும் எல்லாம் நின்றுவிடும். பார்க்கிறவருக்கு டிஸ்க் பிரச்சினை மாதிரியே தெரியும்.

பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தில் மெமரியைத் தட்டுங்கள். ‘கமிட்டட்’ என்ற இடத்தில் 6.8/7.9 மாதிரி இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் உங்கள் ரேம் அளவை, அதாவது 4 ஜி.பி.யை, நன்றாகத் தாண்டிவிட்டது என்றால் ரேம் போதவில்லை என்று பலமாகச் சந்தேகிக்கலாம். உறுதி செய்ய, பிரவுசரை முழுதாக மூடுங்கள். இரண்டு நிமிடத்தில் டிஸ்க் அடங்கி, அடுத்த வேலை சட்டென்று நடந்தால் குறை ரேமில். பிரவுசரை மூடியும், மெமரி பாதிதான் நிரம்பியிருந்தும் டிஸ்க் 100-லேயே நின்றால் டிஸ்க்கிலேயே கோளாறு, அல்லது வேறொரு புரோகிராம் அதைப் பிடித்து ஆட்டுகிறது.

அந்தப் புரோகிராமின் பெயர் தெரிய, ஸ்டார்ட் மெனுவில் ‘ரிசோர்ஸ் மானிட்டர்’ என்று தேடித் திறந்து டிஸ்க் பக்கத்துக்குப் போங்கள். எந்தப் புரோகிராம் எந்த ஃபைலைப் படிக்கிறது என்று ஃபைல் பெயரோடு வரிசையாக ஓடும். பட்டியலில் பேஜ் ஃபைலே திரும்பத் திரும்ப மேலே வந்தால் அதுவும் ரேம் பற்றாக்குறையின் அடையாளம்.

ஹார்ட் டிஸ்க் சாகப் போகிறதா என்று எப்படித் தெரியும்?

ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும். இதை ஸ்மார்ட் தகவல் என்பார்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதைப் படித்துக் காட்டும். மேலே ‘குட்’, ‘காஷன்’, ‘பேட்’ என்று ஒரு தீர்ப்பு இருக்கும். அதோடு நிற்காமல் கீழே பட்டியலில் நான்கு வரிகளைப் பாருங்கள். 05 என்பது டிஸ்க் ஏற்கெனவே கெட்டதென்று ஒதுக்கிவிட்ட இடங்கள். சி5 என்பது படிக்க முடியாமல் தடுமாறி, இன்னும் முடிவு செய்யாமல் வைத்திருக்கும் இடங்கள். சி6 திருத்தவே முடியாமல் போனவை. சி5-ல் பூஜ்யம் தவிர வேறு எண் இருந்தால் ஒரே இடத்தை டிஸ்க் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கிறது என்று பொருள். ஒரு ஃபைலைத் திறந்ததும் மொத்தக் கம்ப்யூட்டரும் பத்து செகண்ட் உறைவது பெரும்பாலும் இதனால்தான்.

நான்காவது சி7. இது மட்டும் டிஸ்க்கின் குற்றமாக இல்லாமல் கேபிளின் குற்றமாக இருக்கும். டெஸ்க்டாப்பில், டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். எண் குறையாது, அது குறைகிற எண் இல்லை. மேலும் ஏறாமல் நின்றால் சரியாகிவிட்டது.

05, சி5, சி6 இவற்றில் எண் ஏறிக்கொண்டே போனால், அன்றைக்கே போட்டோக்களையும் முக்கியமான ஃபைல்களையும் வேறு டிஸ்க்குக்கு எடுத்துவிடுங்கள். அதற்கு முன்னால் டிஃப்ராக் (ஃபைல்களை ஒழுங்காக அடுக்குவது), செக்டிஸ்க் (டிஸ்க்கில் பிழை தேடுவது) எதையும் ஓட்டாதீர்கள். முடியாத டிஸ்க்கை மணிக்கணக்கில் முழுதாகப் படிக்கவைத்தால் பாதியில் உயிரை விட்டுவிடலாம். கல்யாண ஆல்பம், குழந்தையின் முதல் வீடியோ, அப்பாவின் குரல் பதிவு எல்லாம் இந்த டிஸ்க்குகளில்தான் கிடக்கின்றன. வேகத்தைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

‘ஆன்டிமால்வேர் சர்வீஸ்’, ‘விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர்’ என்று ஏதேதோ மேலே நிற்கின்றன. நிறுத்திவிடலாமா?

முதலாவது விண்டோஸின் சொந்த வைரஸ் காவல், இரண்டாவது அப்டேட் வேலை. நிறுத்த வேண்டாம். உங்கள் கம்ப்யூட்டரை எத்தனை நாளுக்கு ஒரு முறை ஆன் செய்கிறீர்கள் என்று யோசியுங்கள். வாரம் ஒரு முறை, கரண்ட் பில் கட்டவும் பிரின்ட் எடுக்கவும் அரை மணி நேரம் மட்டும் ஆன் செய்யும் வீடுகளில், ஒரு வாரத்து ஸ்கேனும் அப்டேட்டும் அந்த அரை மணி நேரத்துக்குள் வந்து விழும். முடியும் முன்பே ஆஃப் செய்துவிடுவதால் அடுத்த வாரம் மறுபடி முதலிலிருந்து. ஒரு விடுமுறை நாளில், நெட் இணைப்போடு இரண்டு மூன்று மணி நேரம் சும்மா ஓடவிடுங்கள். அப்டேட் கேட்டால் ரீஸ்டார்ட் செய்து, மறுபடியும் ஓடவிடுங்கள். பல கம்ப்யூட்டர்கள் இதற்கே தெளிந்துவிடும்.

ஒன்று மட்டும் பாருங்கள். இதோடு வேறொரு ஆன்டிவைரஸும் போட்டு, அதன் மேல் மூன்றாவதாக இன்னொன்றும் போட்டிருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள்.

தினமும் ஷட்டவுன் செய்கிறேன், பிறகும் பழைய கோளாறு அப்படியே இருக்கிறதே?

டாஸ்க் மேனேஜரில் சி.பி.யூ. பக்கத்தில் ‘அப் டைம்’ என்ற எண்ணைப் பாருங்கள். தினமும் ஷட்டவுன் செய்கிறவருக்கும் அது 12 நாள், 20 நாள் என்று காட்டலாம். விண்டோஸ் 8-லிருந்து வந்த ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியில் ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் இல்லை. விண்டோஸின் உள்பகுதியை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்து, மறுநாள் அதையே திரும்ப ஏற்றும். சாதனங்களை இயக்கும் மென்பொருளான டிரைவரில் ஏதாவது குழம்பியிருந்தால் அதுவும் சேர்ந்தே வரும். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் மட்டும் எல்லாம் புதிதாகத் தொடங்கும். வாரம் ஒரு முறை ரீஸ்டார்ட் கொடுங்கள்.

ஸ்டார்ட்அப் பட்டியலில் எதை எடுக்கலாம்?

டாஸ்க் மேனேஜரின் ‘ஸ்டார்ட்அப்’ பக்கத்தில் மீட்டிங் ஆப்கள், டாரன்ட், கேம் லாஞ்சர், பிரின்டர் கம்பெனியின் உதவியாளர், எதையாவது அப்டேட் செய்ய மட்டுமே இருக்கும் புரோகிராம்கள், இவற்றையெல்லாம் ‘டிஸேபிள்’ செய்யலாம். அழிந்துவிடாது, நீங்கள் திறந்தால் திறக்கும். டச்பேட், சவுண்ட், விண்டோஸ் செக்யூரிட்டி மூன்றையும் விட்டுவிடுங்கள்.

உண்மையில் குறைந்ததா என்று அளக்கவும் வழி உண்டு. ‘ஈவென்ட் வியூவர்’ திறந்து, அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டயக்னாஸ்டிக்ஸ்-பெர்ஃபார்மன்ஸ், ஆப்பரேஷனல் என்று உள்ளே போனால், 100 என்ற எண்ணுள்ள பதிவுகளில் கம்ப்யூட்டர் தொடங்க எடுத்துக்கொண்ட நேரம் மில்லிசெகண்டில் இருக்கும். 101 என்ற பதிவுகள் எந்தப் புரோகிராம் தாமதப்படுத்தியது என்று பெயர் சொல்லும்.

முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறது, பிறகு இழுக்கிறது. ஃபேன் சத்தமும் அதிகம்.

சூடு. ப்ராசஸர் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எச்.டபிள்யூ.மானிட்டர், கோர் டெம்ப் மாதிரி இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டு, வேலை செய்துகொண்டிருக்கும்போது சூட்டைப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே 75, 80 என்றால் உள்ளே தூசி அடைத்திருக்கிறது, அல்லது தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது.

டெஸ்க்டாப் என்றால் கரண்டைப் பிடுங்கிவிட்டுப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். ஃபேனுக்கு அடியில் ஹீட்சிங்கின் இடுக்குகளில் தூசி சேர்ந்து கம்பளித் துண்டு மாதிரி படிந்திருக்கும். பிளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று வேகத்தில் தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெட்டுவிடும். இன்டெல் ப்ராசஸரோடு வரும் ஃபேனுக்கு நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் பின் உண்டு. அதில் ஒன்று கழன்றாலே ஹீட்சிங் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், சூடு மளமளவென்று ஏறும். நான்கையும் லேசாக ஆட்டிப் பாருங்கள்.

லேப்டாப்பைத் திறந்து பழக்கமில்லை என்றால் சர்வீஸ் கடையில் கொடுப்பதே நல்லது. மெத்தை மேல் வைத்துப் பயன்படுத்துவதை இன்றே நிறுத்தலாம்.

சூடும் இல்லை, டிஸ்க்கும் அடங்கித்தான் இருக்கிறது. ஆனால் சி.பி.யூ. 100 காட்டுகிறது.

சி.பி.யூ. பக்கத்தில் ‘ஸ்பீட்’ எண்ணையும் ‘பேஸ் ஸ்பீட்’ எண்ணையும் ஒப்பிடுங்கள். சும்மா இருக்கும்போது ஸ்பீட் குறைந்திருப்பது இயல்பு. 100 சதவீதம் வேலை நடக்கும்போதும் 2.4 ஓட வேண்டிய இடத்தில் 0.79 என்றே நிற்கிறது என்றால் யாரோ அதைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். பவர் செட்டிங் ‘பவர் சேவர்’ என்று இருக்கலாம். லேப்டாப் என்றால் சார்ஜரைச் சந்தேகியுங்கள். சில லேப்டாப்கள் சார்ஜரை அடையாளம் கண்டுகொள்ளும். வேறு சார்ஜரோ பின் தேய்ந்த சார்ஜரோ போட்டால் சார்ஜும் ஏறாது, வேகத்தையும் அடிமட்டத்துக்குக் குறைத்துவிடும். அதே மாடல் சார்ஜரைக் கடன் வாங்கிப் போட்டுப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

யூடியூப் மட்டும் விட்டுவிட்டு ஓடுகிறது. நெட் நன்றாகத்தான் இருக்கிறது.

யூடியூப் இப்போது பெரும்பாலும் விபி9, ஏவி1 என்ற முறைகளில் வீடியோ அனுப்புகிறது. இன்டெல்லில் விபி9-ஐ வன்பொருளிலேயே முழுதாகப் பிரிக்கும் வசதி ஏழாம் தலைமுறையில் வந்தது, ஏவி1-க்குப் பதினோராம் தலைமுறையில். அதற்கு முந்தைய கம்ப்யூட்டர்களில் ப்ராசஸரே உட்கார்ந்து பிரிக்க வேண்டும். 480 அல்லது 720-க்குக் குறையுங்கள். பழைய எச்.264 முறையிலேயே அனுப்பச் சொல்லும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களும் கிடைக்கின்றன. மூன்றாம், நான்காம் தலைமுறை ஐ3-ல் அவை நல்ல பலன் தரும்.

வேகப்படுத்தும் கிளீனர் மென்பொருள் போடலாமா?

வேண்டாம். விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதால் வேகம் கூடாது, விண்டோஸ் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. சி டிரைவ் நிரம்பி வழிந்தால் விண்டோஸின் ‘டிஸ்க் கிளீனப்’ போதும். பத்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும்.

வைரஸாக இருக்குமோ?

இருக்கலாம். கிராக் செய்த மென்பொருள் போட்ட கம்ப்யூட்டர் என்றால் கண்டிப்பாகப் பாருங்கள். உங்கள் கம்ப்யூட்டரை வைத்துப் பிறர் கிரிப்டோ காசு தோண்டும் மைனர்களில் சில, டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் அடங்கிவிடும். ஃபேன் அலறிக்கொண்டிருந்து, டாஸ்க் மேனேஜர் திறந்த நொடியில் அமைதியானால் அது நல்ல அறிகுறி இல்லை. விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ ஓட்டுங்கள்.

கடையில் ஃபார்மட் பண்ணினால் சரியாகும் என்கிறார்கள்.

விண்டோஸ் குழம்பியிருந்தால் சரியாகும். டிஸ்க் கெட்டிருந்தால் ஒரு மாதத்தில் பழைய கதைதான். எது என்று தெரிய, விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டை ஒரு பென் டிரைவில் ஏற்றி, எதையும் இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் தொடங்கிப் பாருங்கள். ஏறுவதற்கு நேரமாகும், பென் டிரைவும் மெதுதான். ஏறிய பிறகு மெனுவும் பிரவுசரும் சுறுசுறுப்பாக ஓடினால் ப்ராசஸர், போர்டு, ரேம் எல்லாம் நன்றாக இருக்கின்றன. கோளாறு ஹார்ட் டிஸ்க்கிலோ விண்டோஸிலோ இருக்கிறது.

ஒரே ஒரு பொருளுக்குத்தான் காசு இருக்கிறது. எஸ்.எஸ்.டி.யா, ரேமா?

ஹார்ட் டிஸ்க்கில் ஓடுகிற கம்ப்யூட்டருக்கு எஸ்.எஸ்.டி.தான், தயக்கமே வேண்டாம். அதில் சுற்றுகிற தட்டு இல்லை. 100 துண்டு படித்த இடத்தில் ஆயிரக்கணக்கில் படிக்கும். ரேம் குறைவாக இருந்தாலும் பேஜ் ஃபைல் எஸ்.எஸ்.டி.யில் இருப்பதால் உறைந்து நிற்காது. உங்கள் போர்டில் இருப்பது பழைய, வேகம் குறைந்த சாட்டா 2 இணைப்பு என்றாலும் வித்தியாசம் நன்றாகத் தெரியும். 2.5 அங்குல சாட்டா மாடலில் 240, 256 ஜி.பி. ஒன்று விண்டோஸுக்குப் போதும். பழைய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் போட்டோவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே எஸ்.எஸ்.டி. இருந்து, ‘கமிட்டட்’ எண் எப்போதும் ரேமைத் தாண்டுகிறது என்றால் ரேம் வாங்குங்கள். மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று போட்டிருக்கும். டிடிஆர்3 வகை ரேம் போடும் லேப்டாப்பில் கவனம் தேவை: 1.5 வோல்ட் ரேமும் உண்டு, 1.35 வோல்ட் ரேமும் உண்டு, பிந்தைய லேப்டாப்கள் பல 1.35 மட்டும்தான் ஏற்கும். பழைய ரேமைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். விண்டோஸ் 32 பிட் என்றால் 8 ஜி.பி. போட்டும் பயனில்லை, 4-க்குமேல் பயன்படுத்தாது.

விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டதே, இதற்கு மேல் செலவு செய்யலாமா?

2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. பதிவு செய்துகொண்ட வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்தார்கள். விண்டோஸ் 11 முறைப்படி இன்டெல் எட்டாம் தலைமுறையும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கேட்கும், ஆகவே இந்தக் கம்ப்யூட்டர்களுக்கு அது இல்லை. பிரவுசர், கடிதம் தட்டச்சு, படம் பார்ப்பது மட்டும் என்றால் எஸ்.எஸ்.டி. போட்டு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்புக்கு மாறுவதைத் தாராளமாகப் பரிந்துரைக்கிறேன். அதற்கு 2 ஜி.பி. ரேம் குறைந்தபட்சம், 4 இருந்தால் வசதி. தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும். எஸ்.எஸ்.டி. வீணாகாது, நாளைக்கு வேறு கம்ப்யூட்டருக்கும் போகும். விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருளோ பழைய ஸ்கேனரோ இருந்தால் முதலில் அதற்கு வழி பாருங்கள்.

எல்லாம் பார்த்துவிட்டேன். எந்த எண்ணும் 100 இல்லை, ஆனாலும் அடிக்கடி நின்று நின்று ஓடுகிறது.

ஏதோ ஒன்று பதில் தரும் என்று கம்ப்யூட்டர் காத்திருக்கிறது. டிவிடி டிரைவில் கீறல் விழுந்த சிடி கிடக்கலாம். எப்போதோ இணைத்து, இப்போது இல்லாத நெட்வொர்க் டிரைவ் ‘திஸ் பிசி’ பட்டியலில் இருக்கலாம். டாஸ்க் மேனேஜரில் ‘சிஸ்டம் இன்டரப்ட்ஸ்’ என்ற வரி சும்மா இருக்கும்போதும் 5, 10 சதவீதம் காட்டினால் ஏதோ ஒரு சாதனமோ டிரைவரோ தொந்தரவு செய்கிறது. பிரின்டர், வெப்கேம், கார்டு ரீடர், எக்ஸ்டர்னல் டிஸ்க் என்று யூ.எஸ்.பி.யில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஒவ்வொரு முறையும் அந்த வரியைப் பாருங்கள். எதைப் பிடுங்கியதும் எண் விழுகிறதோ, அதன் கேபிளை முதலில் மாற்றிப் பாருங்கள்.